கிளீனர் சாமி பட்டை மாற்றிய கதை

கழுகுக்கரட்டு மடத்து லாரி வலது பக்கமாகச் சாய்ந்து நின்றது. எவ்வளவு சாய்வு என்று கேட்டால், அதில் ஏற்றி வருகிற பூசணிக்காய்கள் மடத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அதை ஓட்டி ஓட்டிக் கிளீனர் சாமிக்கே ஒரு தோள் இறங்கிப்போயிருந்தது. அவர் சுவரில் மாட்டிய படங்களெல்லாம் கோணலாகத்தான் தொங்கின. கும்பிட வந்தவர்களும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாரும் குறை சொன்னதில்லை.

கிளீனர் சாமி என்பது ஊர் வைத்த பெயர் இல்லை, அவரே வைத்துக்கொண்டது. மடத்துக்கு வருவதற்கு முன்னால் லாரியில் கிளீனராக இருந்தவர். "டிரைவர் ஆகலீங்களா சாமி?" என்று கேட்டால், "பின்னாடி பாத்துச் சொல்றதுக்கும் ஒரு ஆளு வேணுமில்ல?" என்பார். மடத்தில் தினமும் மத்தியானம் கஞ்சி ஊற்றுவார்கள். அதற்கு அரிசியும் விறகும் அந்த லாரியில்தான் வரும். ஓட்டுகிறவரும் அவர்தான், பின்னாடி பார்க்கிறவரும் அவர்தான்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் அர்த்தநாரி. குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூட. அதனால் சீடர் குருவைச் 'சாமி' என்பார். குரு சீடரை 'அண்ணா' என்பார். குமாரபாளையத்தில் தறிப்பட்டறை, பெண்டாட்டி பாவாயி, படுக்கையில் கிடக்கிற தாயார் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, ஒரு மாற்று வேட்டியோடு பாறைக் கரடு ஏறி வந்திருந்தார். காவி வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு யார் கேட்டாலும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"சாமி, காவி எப்பக் குடுப்பீங்க?"

"பட்டை ஒடிஞ்சு கிடக்குதுங்ணா. முதல்ல அதை மாத்துவோம்."

"காவிக்கும் பட்டைக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்லீங்ணா. லாரி நின்னுட்டா, கஞ்சிக்கு வர்றவங்க என்னையப் பிச்சுத் திம்பாங்க. அப்புறம் காவி குடுக்க ஆளு இருக்காது."

லாரியின் பின்பக்கத்தில், சக்கரத்து அச்சுக்கும் மேலே இருக்கிற சட்டத்துக்கும் நடுவில், வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். பக்கத்துக்கு ஒரு கட்டு. ரோடு கொடுக்கிற அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தக் கட்டுதான். மடத்து லாரியில் வலப்பக்கத்துக் கட்டின் மெயின் பட்டை இரண்டாகப் போயிருந்தது.

முன்சக்கரங்களுக்குக் கல்லைக் கொடுத்தார்கள். பின்னால் ஜாக்கி வைத்து ஏற்றிச் சட்டத்துக்குக் கீழே மரக்கட்டைகளை அடுக்கினார்கள். பட்டைகளை அச்சோடு பிணைக்கிற யூ போல்ட்டுகள் துருப்பிடித்து, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தன. அர்த்தநாரி உளியைப் பிடித்தார். சாமி சம்மட்டியை ஓங்கினார்.

"கையைப் பாத்துங்க சாமி!"

"உங்க கையை நான் எங்க பாக்கறது? கண்ணை மூடிக்கிட்டில்ல அடிக்கிறேன். கண்ணுல தூசி விழுது."

அர்த்தநாரி உளியைப் போட்டுவிட்டு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டார். சாமி சிரித்தபடி அவரைத் திரும்பவும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

ஒடிந்த பட்டையை வெளியே இழுத்ததும் சாமி அதன் முறிந்த முகத்தைத் துடைத்துக் காட்டினார். பாதிக்கு மேல் கறுத்த துரு. ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் புது இரும்பு பளபளவென்று மின்னியது.

"இது என்னங்க சாமி, ரெண்டு நிறம்?"

"ஒடிய ஆரம்பிச்சது எப்பவோ. இந்த மினுக்கற இடம் மட்டும்தான் போன வாரம்."

"அதுவரைக்கும் சத்தமே வரலீங்களே?"

"வந்திருக்கும். நாம பாட்டுப் போட்டுக்கிட்டு ஓட்டியிருப்போம்."

வலது கட்டு இறங்கியது. அர்த்தநாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். சாமி ஊர்ந்து இடது பக்கத்துக்குப் போனார்.

"சாமி, அது நல்லாத்தானே இருக்குது? அதையும் எதுக்குக் கழட்டறீங்க?"

"ஒடிஞ்சவனோட பங்கையும் சேர்த்து இத்தனை நாளாத் தாங்கினது யாரு? ஒடியாம நிக்குதுங்கறதுக்காக நல்லா இருக்குன்னு சொல்லிருவீங்களா?"

அர்த்தநாரி உளியைத் திரும்பவும் எடுத்தார். இன்னும் நாலு போல்ட் வெட்ட வேண்டியிருக்கிறதே என்ற கவலைதான் அவருக்கு.

புதுக் கட்டுகள் இரண்டும் ஏறின. கடப்பாரையால் நெம்பி, கட்டின் நடுவில் இருக்கிற போல்ட்டுத் தலையை அச்சில் இருக்கிற குழிக்குள் உட்கார வைத்து, யூ போல்ட்டுகளை முறுக்கி, ஜாக்கியை இறக்கினார்கள். கட்டையை உருவினதும் லாரி தன் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே. குப்பையைக் கிளற நிற்கிற கோழி தோற்றுவிடும். புதுப் பட்டை அவ்வளவு விறைப்பு.

"ஒரு நடை ஓட்டிப் பாத்துட்டு வந்து காவி குடுத்திடறேன்" என்றார் சாமி. "நீங்க பின்னாடி நின்னுக்கிட்டு, ஏதாவது சத்தம் வருதான்னு கேட்டுச் சொல்லுங்க."

கரட்டிலிருந்து தார்ரோடு வரைக்கும் போகிற பாதை பாதையே இல்லை. வெள்ளம் போன ஓடைகளும், அந்த ஓடைகளுக்கு நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி கொஞ்சம் மண்ணும்தான். காலி லாரி அதில் இறங்கியது. முதல் குழியில் அர்த்தநாரி ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பினார். அவர் கீழே வந்து சேர்வதற்குள் லாரி அடுத்த குழிக்குப் போய்விட்டது. சரக்கு ஏற்றுகிற தொட்டியின் கடைசிப் பலகையில்தான் விழுந்தார். மூன்றாவது குழியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். கஞ்சிக்கென்று ஊரிலிருந்து வாங்கி வந்த ஒரு குடம் தயிர், மடத்தில் இறக்கும்போது வெண்ணெய் தனியாகவும் மோர் தனியாகவும் இருந்தது. அன்றைக்கு மடத்து மத்து மூலையில் சாய்ந்ததுதான். அப்புறம் அதற்கு வேலை வரவில்லை.

"சத்தம் ஏதாவது வந்துதுங்களா?" என்று சாமி கேட்டார்.

"என்ற சத்தம்தானுங்க வந்துது" என்றார் அர்த்தநாரி. நாக்கு வீங்கியிருந்ததால் அதுவும் தெளிவாக வரவில்லை. "இதுக்கு ஒடிஞ்ச பட்டையே தேவலாமுங்க. பழசாவது ஒரு பக்கம்தான் குலுக்கும்."

சாமி கீழே குனிந்து போல்ட்டுகளை இன்னொரு சுற்று முறுக்கினார். 

மறுநாள் மத்தியானம் காவி.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி கொடுப்பதற்கு முன்னால், கஞ்சிக்கு வந்திருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படியாக, குரு மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்பார். சீடர் மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். பதில் ஒரு தடவை தடுமாறினாலும் துணியை மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

மடம் பாறைமேல் இருந்தது. பாறையிலேயே வெட்டிய படிகள் கீழே களத்துக்கு இறங்கும். களத்தில் லாரி நின்றது. சமையல்கட்டுக்குச் சுவர் எழுப்ப இறக்கிய ஆற்று மணல் குவிந்து கிடந்தது. கஞ்சிக்கு வந்தவர்கள் கையில் பாத்திரத்தோடு படியோரமாக நின்றார்கள். சாமி புதுக் காவித் துணியைக் கையில் எடுத்தார்.

"அர்த்தநாரியண்ணா, உங்களுக்கு யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க சாமி."

படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க."

சொல்லிவிட்டு அர்த்தநாரி நிமிர்ந்தார். மேல் படிக்கு முந்தின படியில் பாவாயி நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. கையில் மூடி போட்ட ஒரு தூக்குப்போசி. புருசனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். கஞ்சிக்கு வந்தவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். சாமி மட்டும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு யாரு இருக்காங்கண்ணா?"

அர்த்தநாரி பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"யாரும் இல்லீங்க சாமி."

பாவாயி திரும்பினாள். திரும்பின காலுக்குக் கீழே படி இல்லை.

போசி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டே அடிப் படிவரை போனது. அவள் சத்தமே இல்லாமல் களத்தில் விழுந்தாள்.

எல்லாரும் கல்லாகி நின்றார்கள். முதலில் ஓடினது சாமிதான். அர்த்தநாரி எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது; நடுவில் இருந்த படிகளைத் தொட்டாரா என்பது எனக்கும் சந்தேகம்தான்.

பாவாயிக்கு நினைவு இருந்தது. "இடுப்புக்குக் கீழ என்னமோ மரத்துப்போச்சு" என்றாள். தூக்கி உட்கார வைக்கப் போன இரண்டு பேரைச் சாமி அதட்டி நிறுத்தினார்.

"தொடாதீங்க! முதுகெலும்பு. ஆட்டக் கூடாது." பிறகு திரும்பி, "மடத்துக் கதவைக் கழட்டிக் கொண்டாங்க."

"மடத்துக் கதவையாங்க சாமி?"

"வேற எந்தக் கதவு இருக்குது இங்க?"

கதவு வந்தது. அவளை மெல்ல நகர்த்தி அதன்மேல் கிடத்தினார்கள். சாமி கையிலிருந்த புதுக் காவித் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.

"சாமி, அது காவிங்க!" என்று பதறினார் அர்த்தநாரி.

"அந்த நுனியைப் புடிங்க. இழுங்க. இன்னொண்ணு கிழிங்க."

அவள் அசையாதபடி நெஞ்சோடும் இடுப்போடும் கால்களோடும் சேர்த்துக் கதவில் கட்டினார்கள். ஆஸ்பத்திரி டவுனில் இருந்தது. ஃபோன் பண்ணினால் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகிற காலம் இல்லை அது. இருந்தது ஒரே லாரி. போகிற பாதையோ நேற்று அர்த்தநாரியை ஆகாயத்துக்கு அனுப்பிய பாதை.

"இந்த லாரிலயா?" அர்த்தநாரி லாரிக்குக் குறுக்கே வந்தார். "சாமி, முதல் குழியிலயே முடிஞ்சு போயிருவாளுங்க. தோள்ல தூக்கிட்டு நடந்துரலாம்."

"நடந்தாப் பொழுது சாஞ்சுரும். தோளும் ஆடும்." சாமி தொட்டியின் பின்கதவைத் தட்டித் திறந்தார். "எல்லாரும் சட்டியை எடுங்க. மணலை ஏத்துங்க."

யாரும் நகரவில்லை. சரியாகக் காதில் விழவில்லையோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மணலுங்களா?"

"ஆமா, மணல். கஞ்சி குடிச்ச கைதானே? அள்ளுங்க."

அள்ளினார்கள். வரிசையாக நின்று சட்டி மாற்றினார்கள். தொட்டியில் ஒரு படுக்கை அளவுக்கு மணல் பரவியதும் பாவாயி கிடந்த கதவை அர்த்தநாரி பிடித்தார். "போதுமுங்க, மெத்தையாட்டம் ஆயிருச்சு. தூக்குங்க!"

"யாருங்ணா மெத்தை கேட்டா? கதவை வைங்க கீழ." சாமி லாரிக்கு அடியில் குனிந்து பட்டையைப் பார்த்தார். "இன்னும் அப்படியே நிக்குது. போடுங்க."

மணல் ஏறியது. பாவாயி வெயிலில் கிடந்தாள். யாரோ முந்தானையால் அவள் முகத்துக்கு நிழல் பிடித்தார்கள். அவள் கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"சாமி!"

"போடுங்க."

"சாமி, நேரம் போகுதுங்க!"

"தெரியுது. போடுங்க."

வரிசையில் நின்ற ஓர் அம்மாள் சட்டியை அப்படியே கீழே போட்டாள். "செத்தவளுக்குத்தான் மண்ணு போடுவாங்க. உசுரோட கெடக்கறவளை வச்சுக்கிட்டு மண்ணு அள்ளுற சாமியை இப்பத்தான் பாக்கறேன்!"

கதவின்மேலிருந்து பாவாயி மெல்லச் சொன்னாள்: "குழி தோண்டறாங்களாக்கா? கொஞ்சம் நீளமாத் தோண்டச் சொல்லு. நான் உசரம்."

அர்த்தநாரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பாய்ந்து சாமியின் தோள்துண்டைப் பிடித்து இழுத்தார். சீடர் குருவின் மேல் கை வைக்கிறார். வரிசை அப்படியே நின்றுவிட்டது. கைமாறிக்கொண்டிருந்த சட்டி ஒன்று யார் கையிலும் இல்லாமல் கீழே விழுந்தது.

"யோவ்! அவ என்ற பொண்டாட்டிய்யா!"

சாமி துண்டை விடுவித்துக்கொள்ளவில்லை. பிடித்திருந்த கையை மட்டும் பார்த்தார்.

"அதைத்தானுங்ணா மூணு தடவை கேட்டேன்."

அர்த்தநாரியின் கை தானாகத் தளர்ந்தது. சாமி கீழே கிடந்த சட்டியை எடுத்து அந்தக் கையில் கொடுத்தார்.

"அள்ளுங்க."

அர்த்தநாரி அள்ளினார். அதற்கு முன்னும் அப்படி ஒருத்தன் மணல் அள்ளினதில்லை, பின்னும் அள்ளப்போவதில்லை. சட்டிக்குக் காத்திருக்காமல் வேட்டியில் வாரிக்கொண்டு ஓடினார். அவர் ஒருவர் அள்ளிய மணலில் ஒரு சத்திரம் கட்டலாம். அழுதுகொண்டே அள்ளினார், அழுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கோழி மாதிரித் தூக்கிக்கொண்டு நின்ற லாரியின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வில்லாக வளைந்திருந்த பட்டைகள் நிமிர்ந்து, கிட்டத்தட்ட நேராக வந்தன. சாமி குனிந்து பார்த்தார். கையை நீட்டித் தடவிப் பார்த்தார்.

"இறங்கிருச்சு. இப்ப ஏத்துங்க அவங்களை."

கதவை மணல்மேல் வைத்து, பக்கத்தில் மணலை அணைத்துவிட்டார்கள். அர்த்தநாரி அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

லாரி புறப்பட்டது.

முதல் குழி வருவது அர்த்தநாரிக்குத் தெரிந்தது. நேற்று அதில்தான் ஆகாயத்துக்குப் போய் வந்தார். பாவாயியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.  லாரி கீழே இறங்கியது. மேலே ஏறியது. கண்ணைத் திறந்தார். குழி பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அவர் நம்பவில்லை. அடுத்த குழியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். லாரி அதில் மெதுவாகக் குனிந்து மெதுவாக எழுந்தது, தண்ணீரில் போகிற பரிசலைப் போல. ஓடையில் இறங்கினபோது பட்டைகள் ஒன்றோடொன்று உரசி முனகின. அந்த முனகல் மேலே வந்து சேரவில்லை. மணலில் ஒரு துகள் கூடத் துள்ளவில்லை.

அர்த்தநாரி வாயைத் திறந்தது திறந்தபடியே இருந்தார்.

"வாயை மூடுங்க. தூசி போகுது" என்றாள் பாவாயி.

"வலிக்குதா?"

"யாரு கேக்கறீங்க?"

அவர் அவள் தலையை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல, யாரும் இல்லாதவரு எதுக்கு என்ற தலையைப் புடிச்சிக்கிட்டு வர்றீங்கன்னு கேட்டேன்."

"பேசாத. பேசுனா அசையும்."

"அசையற வாய் ஒண்ணுதான் எனக்கு மிச்சம்."

 வேலி முள் தொட்டியில் உரசியது. அர்த்தநாரி கையை நிழலாகப் பிடித்து அவள் கண்மேல் வைத்தார்.

"அம்மா எப்படி இருக்கா?"

"இருக்காங்க. தினம் உங்களைக் கேக்கறாங்க. நூலெடுக்கப் போயிருக்கார்னு சொல்லி வச்சிருக்கேன். 'ஊரு ஊராப் போயி நூலெடுக்கறானே, உலகத்துக்கே வேட்டி நெய்யப்போறானா?'ன்னு கேக்கறாங்க."

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதி வழியிலேயே வேறு என்னவோ ஆகிவிட்டது.

"என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தியா?"

"இல்ல." பாவாயி கண்ணை மூடிக்கொண்டாள். "காவி கட்டப்போறீங்கன்னு சொன்னாங்க. கட்டிக்கங்க. ஒரு தடவை வந்து அவங்ககிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்கன்னு கேக்க வந்தேன். எனக்குப் பொய் தீந்துபோச்சு."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மயங்கிவிட்டாளோ என்று அவர் பதறி மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்தார். தூங்கியிருந்தாள். முதுகெலும்பு அடிபட்டு, அந்தப் பாதையில், ஓடுகிற லாரியில், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் கதவோடு சேர்த்து அப்படியே உள்ளே கொண்டுபோனார்கள். அர்த்தநாரி வெளியே சுவரோரமாக நின்றார். உட்காரத் தோன்றவில்லை. உள்ளிருந்து வந்த டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. அவர் கேட்ட முதல் கேள்வி நோயாளியைப் பற்றியது இல்லை.

"எதுல கொண்டுவந்தீங்க இவங்களை?"

"லாரிலங்க."

"எந்த ஊர்லருந்து?"

சொன்னார்.

"அந்த ரோட்டுலயா? பொய் சொல்லாதீங்க." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "முதுகெலும்பு விரிசல் விட்டு நிக்குது. நல்லா ஒரு தடவை குலுங்கியிருந்தாக்கூட உள்ள போற நரம்பை அறுத்திருக்கும். இப்ப அது தொட்டும் தொடாம நிக்குது. நாள் ஆகும், ஆனா நடந்துருவாங்க. கூட இருந்து பாத்துக்க ஆள் இருக்கா?"

"இருக்கேனுங்க" என்றார் அர்த்தநாரி.

டாக்டர் போய்விட்டார். அர்த்தநாரி போவோர் வருவோரில் தன் ஊர்க்காரன் ஒருவனைக் கண்டுபிடித்து, "அம்மாகிட்ட நூலெடுத்தாச்சுன்னு சொல்லு, நாளைக்கு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன்னு சொல்லு" என்று அனுப்பினார். பிறகுதான் சாமியின் நினைவு வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கேதான் மடத்து லாரி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. கொத்து வேலைக்காரர்கள் மணலைச் சரித்துக்கொண்டிருந்தார்கள். முக்கால்வாசி இறங்கியாகிவிட்டது. சாமி தொட்டியில் நின்று மிச்சத்தைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"சாமி, நடந்துருவாளாமுங்க."

"சரிங்ணா."

"நான் இங்கயே இருந்துக்கறேனுங்க."

"சரிங்ணா."

அர்த்தநாரி தோள்துண்டை இழுத்த தன் கையைப் பார்த்தார். அதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தார். சாமி அதைக் கேட்கிற மாதிரி இல்லை. குனிந்து, மூலையில் தங்கிய மணலைக் கையால் வழித்து வெளியே போட்டார். பாரம் போகப் போக லாரியின் பின்பக்கம் மறுபடியும் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. பட்டைகள் பழையபடி வளைந்தன. அர்த்தநாரி அதைப் பார்த்தார். அப்புறம் வந்த பாதை ஞாபகம் வந்தது.

"சாமி! ஏனுங்க மணலை இறக்கறீங்க?"

"கட்டடத்துக்குக் கேட்டாங்க. நம்ம சுவருக்கு வேற அள்ளிக்கலாம்."

"காலி வண்டியாவா போகப்போறீங்க? அந்த ரோட்டுல?" அவர் ஓடிப்போய்ப் பின்கதவைப் பிடித்துக்கொண்டார். "பாதியாவது விட்டு வைங்க சாமி! குலுக்கியே கொன்னுரும்!"

கிளீனர் சாமி கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு கீழே குதித்தார். பின்கதவை மூடிக் கொக்கியை மாட்டினார்.

"குலுக்குமுங்ணா" என்றார். "காலி வண்டியாப் போய்ப் பழகறதுக்கே எனக்குப் பாதி ஆயுசு போயிருச்சு."